பெயர் போன பிறகு: உயர் நீதிமன்ற நியமனக் கோப்பு எங்கே நிற்கிறது?

உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்குப் ‘பெயர் போகிறது’, அதாவது ஒருவர் பெயரைப் பரிந்துரைக்கப் போகிறார்கள் என்றால், முதலில் கேட்பது வழக்கறிஞரின் சம்மதத்தை. கூடவே தன்விவரம், வருமான வரிக் கணக்குகள், வாதாடித் தீர்ப்பான வழக்குகளின் பட்டியல். இந்தப் பட்டியலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சீனியர் வாதாட, பக்கத்தில் ஜூனியராக நின்ற வழக்கையெல்லாம் சேர்த்துவிடுகிறார்கள். நேரில் கேட்ட நீதிபதியே பின்னாளில் டெல்லியில் கருத்துச் சொல்லும் இடத்தில் இருக்கலாம். சொந்தமாக வாதாடியவை பத்தே என்றாலும் பத்தை மட்டும் எழுதுங்கள்.

உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அடுத்த இரு மூத்த நீதிபதிகளும் (உயர் நீதிமன்றக் கொலீஜியம்) பரிந்துரைக்கிறார்கள். காலியிடம் விழுவதற்கு 6 மாதம் முன்பே இது தொடங்க வேண்டும், பெரும்பாலும் தொடங்குவதில்லை. முதல்வரின் ஆலோசனைப்படி ஆளுநர் தரும் கருத்து 6 வாரத்தில் வராவிட்டால், சொல்ல ஒன்றுமில்லை என்று மத்திய சட்ட அமைச்சர் எடுத்துக்கொள்ளலாம். மத்திய உளவுத்துறையான ஐ.பி.யின் அறிக்கையும் சேர்ந்த பின் உச்ச நீதிமன்றக் கொலீஜியம் (இந்தியத் தலைமை நீதிபதியும் அடுத்த இரு மூத்த நீதிபதிகளும்) முடிவெடுக்கிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். மத்திய அரசு திருப்பி அனுப்பிய பெயரைக் கொலீஜியம் ஒருமனதாக மீண்டும் வலியுறுத்தினால் 3, 4 வாரத்தில் நியமிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. கெடு தப்பினால் என்ன ஆகும் என்பது எங்கும் இல்லை. சென்னை வழக்கறிஞர் ஜான் சத்யன் 2022 பிப்ரவரியில் பரிந்துரைக்கப்பட்டார். பிரதமரை விமர்சித்த கட்டுரையைப் பகிர்ந்ததாக ஐ.பி. குறித்திருந்தது. அது தகுதிக்குத் தடையல்ல என்று 2023 ஜனவரி 17 அன்று கொலீஜியம் மீண்டும் வலியுறுத்தியது. அப்படியும் ஆணை வரவில்லை. அவருக்குப் பின்னால் பரிந்துரைக்கப்பட்டவர்கள் முன்னால் பதவியேற்றார்கள்.

இதை வெறும் தாமதமாகப் பார்க்கவே கூடாது. சீனியாரிட்டி பதவியேற்ற நாளிலிருந்துதான். ஓய்வு 62 வயதில். ஓர் ஆண்டு பின்தங்கியவர் உயர் நீதிமன்றக் கொலீஜியத்தில் உட்காரும் வாய்ப்பையே இழக்கலாம். ஐந்து பேரை அனுப்பினால் மூவரை மட்டும் பிரித்தெடுத்து ஆணை போடும்போது, நாளைக்கு யார் மூத்தவர் என்பதை அரசே தீர்மானித்துவிடுகிறது. மறுத்ததாகக் காகிதத்தில் ஒரு வரியும் இருக்காது, வழக்குப் போடவும் பிடி கிடைக்காது.

பெயர் போயிருப்பவர்களுக்கு ஒன்று: வக்காலத்துகளைக் கைமாற்றிவிடாதீர்கள். ‘சார் ஜட்ஜ் ஆகப்போறாராமே’ என்று கட்சிக்காரர்கள் புது வழக்கு தரத் தயங்குவார்கள். இருப்பதையும் விட்டுவிட்டால் அலுவலகம் நடத்த முடியாது. இப்படிக் காத்திருந்து, சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்ட நல்ல வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள்.