தென்னை எண்ணியவன்

"அந்த வி.ஏ.ஓ. தம்பி இப்ப எந்த ஊர்ல இருக்கு?"

வேதாரண்யம் பேருந்து நிலையத்தில் இன்று காலை ஒரு பாட்டி என்னை அடையாளம் கண்டு கேட்டார்.

2018 நவம்பர் 16. கஜா புயல் கரை கடந்த பிறகு அவர் கொல்லையில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. சாய்ந்து கிடந்த மரங்கள் மேல் ஏறி இறங்கி, ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் கோடு போட்டு எண்ணினான் என் நண்பன். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து.

"ஒண்ணு விட்டுப்போனாலும் நட்டம் அந்தக் கிழவிக்குத்தானேடா."

அப்புறம் கணையத்தில் புற்றுநோய். அடையாறு மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்த அன்றும், யாருக்கோ பட்டா மாறுதல் நிற்கிறது என்று என் கைபேசியை வாங்கித் தாலுகா அலுவலகத்துக்குப் பேசினான். குரல் எழும்பவில்லை. அவன் சொல்லச் சொல்ல நான்தான் திருப்பிச் சொன்னேன்.

பாட்டியிடம் மறைக்க மனம் வரவில்லை. சொன்னேன்.

அரசாங்கம் என்றால் அவருக்கு இவன் முகம்தான் போலிருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப வச்ச கன்னு காய்ச்சிருக்கு. நாலு இளநி வெட்டித் தரலாம்னு இருந்தேனே தம்பி."