சூல்முடி சிவந்ததும் வெட்டிவிட்டேன்

என் முதல் கஞ்சாச் செடியை அவசரப்பட்டு வெட்டினேன். பூக்களில் நீட்டிக்கொண்டிருந்த வெள்ளை இழைகள் சிவந்து சுருங்கத் தொடங்கியிருந்தன. அதுதான் முதிர்ச்சியின் அடையாளம் என்று நம்பியிருந்தேன். உலர்த்திய பிறகு மணம் எழவில்லை. விரலில் பிசுபிசுப்பும் ஒட்டவில்லை. பூக்கும் பருவம் முழுக்க, நாள்தோறும் 12 மணி நேரம் துளி வெளிச்சமும் படாமல் காத்த செடி அது. அந்த வருத்தத்தில்தான் 60 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய கைலென்ஸ் ஒன்றை வாங்கினேன்.

சிவந்த இழைகள் சூல்முடிகள். மகரந்தத்தைப் பிடிக்க நீள்பவை. கைபட்டாலும், காற்றில் உரசினாலும்கூட நிறம் மாறிவிடும். வீரியம் இருப்பது அவற்றின் அடியில், பூவைப் பொதிந்திருக்கும் பூவடிச்செதிலின் மேல் நிற்கும் டிரைக்கோம்கள் என்ற நுண்ணிய சுரப்பி மயிர்களில்.

லென்ஸில் முதன்முதலாகப் பார்த்தபோது, யாரோ கண்ணாடிக் குண்டூசிகளை நெருக்கமாகக் குத்தி வைத்தது போலிருந்தது. காம்பும் அதன்மேல் உருண்டைத் தலையும் கொண்ட இவைதான் பிசினை மிகுதியாகச் சேர்ப்பவை. காம்பில்லாமல் இலையோடு ஒட்டி உட்காரும் வகை ஒன்றும், கண்ணுக்கே அகப்படாத மிகச் சிறிய குமிழ் வகை ஒன்றும் உண்டு. இலையில் கை வைத்தால் சொரசொரப்பாகப் படும் கூர்மையான மயிர்கள் வேறு. அவற்றில் பிசின் இல்லை.

அந்தத் தலைக்குள் நடப்பதைப் படித்தபோது செடியின் மேல் எனக்கு மரியாதை கூடியது. தலையின் அடியில் தட்டுபோல அமைந்த சுரப்பு உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் மேலே மூடியிருக்கும் மெல்லிய கியூட்டிகிள் தோலுக்கும் இடையே ஒரு பை உருவாகி, அதில் பிசின் நிறைகிறது. டி.எச்.சி.ஏ என்ற அமிலத்தை ஆக்கும் நொதியையும் அந்தப் பைக்குள்ளேயே செடி அனுப்பிவிடுகிறது. காரணம், அந்த அமிலம் உயிரணுவுக்கே நஞ்சு. தான் ஆக்கும் பொருள் தன்னைக் கொல்லாதபடி, அதைச் சுவருக்கு வெளியே வைத்துச் சமைக்கிறது செடி.

செடியில் இருப்பது பெரும்பாலும் அந்த அமிலம்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது போதை தராது. சூடு பட்டு, கார்பன் டை ஆக்சைடை இழந்த பிறகே போதை தரும் டி.எச்.சி ஆகிறது. அப்போது எடையும் குறைவதால், ஆய்வறிக்கையில் காணும் டி.எச்.சி.ஏ அளவை 0.877ஆல் பெருக்கி, ஏற்கெனவே உள்ள டி.எச்.சியோடு கூட்ட வேண்டும். 20 சதவீதம் அமிலமும் 1 சதவீதம் டி.எச்.சியும் என்றால் மொத்த டி.எச்.சி சுமார் 18.5 சதவீதம். வெறுமனே 21 என்று கூட்டிவிடுவது தவறு.

இனி நிறம். தலைகள் முதலில் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். பிறகு பால்போல் கலங்கும். கடைசியில் தேன் நிறமாகும். பெரும்பாலானவை பால் நிறமாகி, ஆங்காங்கே ஒன்றிரண்டு தேன் நிறம் காட்டத் தொடங்கும் வேளையில்தான் நான் வெட்டுகிறேன். பார்க்க வேண்டிய இடம் பூவடிச்செதில். பூவினிடையே நீட்டும் சிறு இலைகளில் தலைகள் முன்னதாகவே பழுத்துவிடுவதால், அவற்றைப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

ஆனால் இந்த நிறம் சொல்வது முதிர்ச்சியை மட்டுமே. வீரியத்தின் அளவை அல்ல. பால் நிறத் தலைகள் நிறைந்த இரண்டு செடிகளில் ஒன்று டி.எச்.சி மிகுந்ததாகவும், மற்றொன்று போதை தராத சி.பி.டி மட்டுமே மிகுந்ததாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே தாய்ப்பொருளிலிருந்து வருபவை. எந்த நொதி செயல்படும் என்பதை மரபணு தீர்மானிக்கிறது, உரம் தீர்மானிப்பதில்லை. தேன் நிறம் வந்தாலே டி.எச்.சி எல்லாம் சிதைந்து சி.பி.என் என்ற பொருளாகிவிட்டது என்பதும் மிகைதான். சி.பி.என் பெரும்பாலும் வெட்டிய பிறகு, வெளிச்சமும் காற்றும் பட்டு நாளடைவில் கூடுவது.

ஆகவே விதையில் இல்லாத வீரியத்தை வளர்ப்பவரால் கொண்டுவர முடியாது. இருப்பதைச் சிந்தாமல் காக்கலாம். தலைகள் காம்பிலிருந்து எளிதில் உடைந்து விழும். பூவைக் கசக்கிப் பார்க்கும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். காம்பைப் பிடித்தே தூக்குகிறேன். உலர்த்துவதும் இருட்டில், மெதுவாக. மணம் தரும் டெர்பீன்களில் இலேசானவை சூட்டில் முதலில் பறந்துவிடுகின்றன.

வளர்ப்பதைச் சட்டம் அனுமதிக்கும் இடத்தில் மட்டுமே இதெல்லாம் பொருந்தும். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இப்போது நிற்கும் செடியின் சூல்முடிகளில் பாதிக்கு மேல் சிவந்துவிட்டன. இன்று காலை கீழ்க்கிளை, நடுக்கிளை, உச்சி என மூன்று இடங்களில் லென்ஸை வைத்தேன். உச்சியில் பால் நிறம். கீழே இன்னும் கண்ணாடி. கத்தரிக்கோலை எடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.