உயிரோடிருக்கும்போதே தனக்குக் கல் நட்டவர்

ரூன் கல் (பழைய வடஐரோப்பிய எழுத்தான ரூனில் வாசகம் வெட்டிய கல்) என்றாலே மந்திரம், போர்க்கடவுள் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு சுவீடனின் டேபி ஏமாற்றம்தான். அங்கே சாலையோரம் நிற்பது கிட்டத்தட்ட ஒரு நிலப் பத்திரம்.

ஸ்டாக்ஹோம் ஓஸ்ட்ரா நிலையத்திலிருந்து ரூஸ்லாக்ஸ்பானன் ரயில். தண்டவாள அகலம் 891 மி.மீ.தான், நகரப் பேருந்துச் சீட்டே இதற்கும் செல்லும். டேபி ஷிர்க்பியில் இறங்கி, 'யார்லபாங்கே பாலம்' எங்கே என்று கேளுங்கள். ஆற்றைத் தேடாதீர்கள். சதுப்பைக் கடக்க யார்லபாங்கே என்ற உள்ளூர் நிலக்கிழார் 11ஆம் நூற்றாண்டில் மண்ணும் கல்லும் கொட்டி உயர்த்திய பாதை அது. இன்று அங்கே இரண்டு கற்கள் நிற்கின்றன.

வாசகம் பெரும்பாலும் கீழே இடப்பக்கம், கல்லில் செதுக்கிய பாம்பின் தலையில் தொடங்கி உடல் வழியே ஓடும். சொற்களுக்கு நடுவே சிறு பெருக்கல் குறி. 'லித் ரைச ஸ்தைன்' என்றால் 'கல் நடுவித்தார்'. அடுத்து 'அத்' வரும். 'நினைவாக' என்று பொருள். அதன்பின் வழக்கமாகச் செத்துப்போன அப்பா பெயரோ மகன் பெயரோ இருக்கும். இங்கே இருப்பது 'உயிரோடிருக்கும் தன் நினைவாக'! தன் ஆன்மாவுக்காகப் பாலம் கட்டியதாகவும், டேபி முழுவதும் தனக்கு மட்டுமே சொந்தம் என்றும் யார்லபாங்கே சொல்லிக்கொள்கிறார். இதையே வேறு கற்களிலும் வெட்டியிருக்கிறார். மறுத்துப் பேச ஆள் இருந்திருந்தால்தான் இத்தனை தடவை சொல்லத் தோன்றும்.

தடுமாற வைப்பது எழுத்துப் பற்றாக்குறை. அக்கால ரூனில் மொத்தம் 16 எழுத்துகள்தான். 'கடவுள்' என்ற சொல்லின் மெல்லொலி 'க'வுக்கும் வல்லொலி எழுத்தே. நமக்கு இது புதிதல்ல. 'ங்'கை விட்டுவிடுவதும் உண்டு: கல்லில் அவர் பெயரே 'யார்லபாகி'.

சிவப்புச் சாயம் இக்காலத்தது. அது சாயம் பூசியவரின் வாசிப்பு, ஆகவே பள்ளத்தையே பாருங்கள். உச்சிவெயிலில் கோடு தெரியாது. காலை, மாலைச் சாய்வெயிலில் போங்கள், அல்லது டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். சாக்பீஸால் தேய்ப்பதோ பாசியைச் சுரண்டுவதோ கூடாது, சட்டப் பாதுகாப்பு உள்ள கற்கள். குளிர்காலத்தில் பனி அடிப்பகுதியை மூடினால் தொடக்கமே போய்விடும்.

அதே ரயிலில் மேலே போனால் வல்லெந்தூனா. தேவாலயத்தருகே உள்ள யார்லபாங்கேயின் கல்லில் இருபக்கமும் எழுத்து. ஒரு பக்கத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்: ஊர்ச்சபை கூடும் இடத்தை அமைத்ததும், வட்டாரம் முழுக்கத் தனதே என்பதும் மறுபக்கத்தில் இருக்கிறது.