அப்பாவுக்கு நீர் கோத்த நாட்கள்

டிசம்பர் 2, குரோம்பேட்டை
மூன்று வாரமாக அப்பாவுக்கு வறட்டு இருமல், சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். கார்த்திகைப் பனி என்றே நினைத்தோம். இருமல் டானிக் இரண்டு பாட்டில் காலி. இன்று மாடி ஏறுவதற்குள் மூன்று முறை நின்றார். படுத்தால் வலப்பக்கம்தான், புரண்டால் மூச்சு முட்டுகிறதாம்.

டிசம்பர் 3
டாக்டர் முதுகில் விரலை வைத்துத் தட்டினார். இடப்பக்கம் 'டொம் டொம்' என்று கேட்டது. வலப்பக்கம் கீழே வந்ததும் சத்தமே செத்துவிட்டது, நிரம்பிய சின்டெக்ஸ் டேங்கைத் தட்டின மாதிரி. "நீர் கோத்திருக்கு" என்றார். ஹார்ட்டா என்று கேட்டேன். பக்கத்து வீட்டு மாமாவுக்கும் இதையேதான் சொன்னார்கள்.

அது வேறு, இது வேறு. இதயத்தின் இடப்பக்கம் பலவீனமானால் ரத்தம் நுரையீரல் குழாய்களில் தேங்கும். அழுத்தம் கூடிக் காற்றுப் பைகளுக்குள்ளேயே நீர் கசியும். மாமா மூன்று தலையணை வைத்துப் படுத்ததும், கால் வீங்கியதும் இதயம் பலவீனமானதால்தான். சிறுநீர் நிறையப் போக மாத்திரை கொடுத்து வடித்தார்கள். அப்பாவுக்கோ நுரையீரலுக்கு வெளியே, அதைச் சுற்றியுள்ள இரண்டு உறைகளுக்கு நடுவில். அங்கே வழக்கமாக ஓரிரு ஸ்பூன் நீர்தான் இருக்குமாம். நிமோனியா, டிபி, புற்றுநோய், சிறுநீரகம், கல்லீரல், ஏன், இதயத்தாலும் அங்கே சேரலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும், கூடவே காய்ச்சல் என்றால் நம் ஊரில் டிபியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார்.

டிசம்பர் 4
தலையணையைக் கட்டிக்கொண்டு அப்பா குனிந்து உட்கார்ந்தார். ஸ்கேன் பார்த்து, விலா எலும்புகளுக்கு நடுவில் ஊசி. நல்லெண்ணெய் நிறத்தில் நீர். ஒரு லிட்டரோடு நிறுத்திவிட்டார்கள். மொத்தத்தையும் ஒரேயடியாக எடுத்தால், அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென விரிந்து, அதற்குள்ளேயே நீர் கசியக்கூடுமாம்.

டிசம்பர் 7
டிபிதான். நீரில் புரதம் ரத்தத்தில் இருப்பதில் பாதிக்கு மேல், டிபி இருந்தால் கூடும் ஏடிஏ என்ற நொதியும் அதிகம். இதயத்தால் தேங்கிய நீரில் பொதுவாக இவ்வளவு புரதம் இருக்காது.

"வெளியே சொல்லாதே" என்றாள் அம்மா. எனக்குக் கோபம் வந்தது. அடுத்த ரயில்வே ஸ்டேஷனுக்கே சானடோரியம் என்று பேர். 1928இல் டிபி நோயாளிகளுக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரியால் வந்தது. அன்று நல்ல காற்றும் ஓய்வும்தான் வைத்தியம். இன்று ஆறு மாத மாத்திரை, அரசே இலவசமாகத் தருகிறது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

டிசம்பர் 9
சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகவும் அப்பா பதறிவிட்டார். ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம் அது, பயப்பட வேண்டாம்.

டிசம்பர் 16
காய்ச்சல் விட்டிருக்கிறது. நேற்று ராத்திரி எட்டிப் பார்த்தேன். அப்பா இடப்பக்கம் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.