600 மில்லிமீட்டருக்கு இரண்டு வழிகள்

வேடந்தாங்கல் கோபுரத்தில் இன்று காலை என் இருபுறமும் நின்றவர்கள் ஒரே கூழைக்கடாவைத்தான் குறிவைத்திருந்தார்கள். ஒருவரிடம் சோனியின் 200-600 மி.மீ. ஜூம் லென்ஸ். மற்றவரிடம் அதே சோனி கேமராவுக்கென்று சிக்மா செய்த 150-600.

சிக்மாக்காரர் ஜூம் வளையத்தைத் திருப்பத் திருப்ப, லென்ஸ் குழல் முன்னால் நீண்டு எடை அந்தப் பக்கம் சாய்ந்ததால், இடது கையைச் சற்று முன்னே நகர்த்திப் பிடித்துக்கொண்டார். சோனியில் ஜூம் உள்ளுக்குள்ளேயே நடக்கிறது, வெளிநீளம் மாறுவதில்லை.

இரண்டும் ஏறக்குறைய 2.1 கிலோதான். அமெரிக்காவில் அறிமுக விலை மட்டும், 2019இல் வந்த சோனிக்கு 1,999 டாலர், 2021இல் வந்த சிக்மாவுக்கு 1,499 டாலர்.

படத்தின் துல்லியத்தில் சிக்மா தலைகுனிய வேண்டியதே இல்லை. ஆனால் சோனியின் ஏ1 கேமரா நொடிக்கு 30 படங்கள் வரை எடுக்கும் என்றாலும், பிற நிறுவன லென்ஸைப் பொருத்தினால் வேகம் 15க்கு இறங்கிவிடுகிறது, லென்ஸின் எட்டும் தூரத்தைக் கூட்டும் டெலிகன்வர்ட்டரும் சேராது. இது சிக்மா கண்ணாடியின் குறையன்று, கேமரா நிறுவனம் போட்டிருக்கும் வேலி. முழு விலை கொடுத்துக் கேமரா வாங்கியவருக்கு இது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

பறக்கும் பறவைகளையே துரத்துபவர்கள், அதுவும் அத்தகைய அதிவேகக் கேமரா வைத்திருப்பவர்கள், சோனிக்குப் பணம் கொடுப்பதில் பொருள் இருக்கிறது. நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவுக்கு அந்த வேக வேலி தட்டுப்படவே போவதில்லை. சிக்மாவை எடுத்து, மிச்சமாகும் பணத்தில் உறுதியான முக்காலி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.