உதிரிபாகப் பட்டியலில் படம் சேர்க்கும் வேலை: இதுவரை

மின்னணு உதிரிபாகங்களைச் சேர்த்து வைப்பவர்களுக்குப் பெயர் மட்டும் எழுதிய பட்டியல் போதாது. மின்னழுத்தத்தைச் சீராக்கும் 7805, 7812 சில்லுகள் இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான்: அதே கறுப்பு உடம்பு, அதே மூன்று கால். அவற்றையாவது மேலே அச்சிட்ட எண்ணை வைத்துப் பிரித்துவிடலாம். சின்ன நீல நிற சென்சார் போர்டுகள் பலவற்றில் பெயரே இருக்காது. அதனால்தான் என் எக்செல் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் படம் சேர்க்க ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

முதலில் யோசித்தது, படங்களை ஷீட்டுக்குள்ளேயே ஒட்டிவிடலாம் என்று. கணக்குப் போட்டதும் அதைக் கைவிட்டேன். ஃபோனில் எடுத்த படம் ஒன்று 3 எம்பி என்றால், 300 பொருளுக்கு 900 எம்பி. எக்செல் படத்தைச் சுருக்கித் தரும்தான். ஆனால் போர்டின் மேல் உள்ள பொடி எழுத்துகளும் கூடவே மங்கிவிடும், எனக்குத் தேவையே அந்த எழுத்துகள்தான். அப்புறம், செல்லின் மேல் மிதக்கிற படங்கள் ஃபில்டர் போட்டால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். புதிய எக்செலில் படத்தைச் செல்லுக்குள்ளேயே வைக்கலாம், அப்போது இந்தத் தொல்லை இல்லை. கோப்பின் கனம் மட்டும் குறையாது.

ஆகவே படங்கள் தனி ஃபோல்டரில், ஷீட்டில் இணைப்பு மட்டும். இதற்கு அடிப்படை, பொருளின் எண்ணும் படத்தின் பெயரும் ஒன்றாக இருப்பது. வெறும் 0045 என்று எண் கொடுத்தால் எக்செல் முன்னால் உள்ள சைபர்களை விழுங்கி 45 ஆக்கிவிடும், படத்தின் பெயரோடு பொருந்தாது. முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து எம்0045 போல வைத்தால் அது எழுத்தாகவே நிற்கும். போர்டின் பின்பக்கப் படத்துக்கு அதே பெயரோடு -2 சேர்க்கிறேன். பின்பக்கத்தைப் பலர் எடுப்பதில்லை. பின்களின் (இணைப்புக் கால்களின்) பெயர் பெரும்பாலும் அங்கேதான் அச்சாகியிருக்கும், கட்டாயம் எடுங்கள்.

இணைப்புக்கு ஹைப்பர்லிங்க் ஃபார்முலா. ஃபோல்டர் பெயர், ஏ2 செல்லில் உள்ள எண், ஜேபிஜி என்ற பின்னொட்டு, மூன்றையும் & குறியால் கோத்தால் போதும். ஒரு வரியில் எழுதிக் கீழே இழுத்துவிட்டால் எல்லா வரிக்கும் இணைப்பு வந்துவிடும். டிரைவ் எழுத்திலிருந்து முழுப் பாதையையும் எழுதாமல், ஷீட் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் படங்கள் ஃபோல்டரை வைத்து அதன் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வேறு கணினிக்கு நகலெடுத்தாலும் இணைப்பு அறாது.

இதில் ஒரு குறை உண்டு. படம் ஃபோல்டரில் இருக்கிறதா என்று ஹைப்பர்லிங்க் பார்ப்பதில்லை. இல்லாத படத்துக்கும் நீலக் கோடு போட்டுக் காட்டும், கிளிக் செய்தால்தான் தெரியும். இதைத் தீர்த்ததுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. டேட்டா பட்டியில் கெட் டேட்டா வழியாக ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தால், அதிலுள்ள கோப்புப் பெயர்கள் எல்லாம் ஓர் அட்டவணையாக இன்னொரு ஷீட்டில் வந்து இறங்கும். அந்தப் பெயர்களில் இந்த எண் இருக்கிறதா என்று கவுண்ட்இஃப் ஃபார்முலா எண்ணும். இருந்தால் இணைப்பு, இல்லாவிட்டால் ‘படம் இல்லை’ என்று காட்டும்படி இஃப் ஃபார்முலா போட்டுச் சுற்றிவிட்டேன். புதிதாகப் படம் எடுத்துப் போட்டதும் ரெஃப்ரெஷ் செய்தால் அந்த வரி தானாக மாறுகிறது. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், பட்டியலில் இடம்பெறாத அநாதைப் படங்களும் அகப்படும்.

கிளிக் செய்யாமல் செல்லிலேயே படம் தெரிய இமேஜ் ஃபார்முலா இருக்கிறது. ஆனால் எக்செலில் அது இணைய முகவரியைத்தான் கேட்கும், கணினியில் உள்ள கோப்பின் பாதையை ஏற்காது. இந்தப் பட்டியலுக்காகப் படங்களை இணையத்தில் ஏற்ற எனக்கு மனமில்லை.

சென்சார், டிஸ்ப்ளே, மோட்டார் டிரைவர் போர்டுகள் முடிந்தன. கனெக்டர்கள் பாக்கி. அவற்றை மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுகோலின் பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டும், கால்களின் இடைவெளி 2 மில்லிமீட்டரா 2.54 மில்லிமீட்டரா என்று வித்தியாசம் தெரிய வேண்டுமே. ரெசிஸ்டர்களுக்குப் படம் எடுக்கப் போவதில்லை, மதிப்பை எழுதினாலே போதும்.