இருபது நிமிடம்

2024 பெப்ரவரி 5, திங்கள்

தாதியர் கல்லூரியில், நீண்டகாலம் வேலை செய்த தாதி ஒருவரைச் சந்தித்துப் பேசிக் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். பத்துக் கேள்விகளையும் அவர்களே தந்தார்கள். யாரைக் கேட்பது என்று நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வார்ட் சிஸ்டர்தான். 1997இல் வேலைக்கு வந்ததிலிருந்து வன்னியை விட்டுப் போகாதவர். "என்னட்ட என்ன கிடக்கு பிள்ளை? சரி, பின்னேரம் டியூட்டி முடிய வா" என்றார்.

பெப்ரவரி 7, புதன்

இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தீர்கள் என்பது முதல் கேள்வி. "வீட்டில அஞ்சு பிள்ளையள், அப்பா இல்லை, சம்பளம் வேணும்." அவ்வளவுதான். நான் அரைப் பக்கம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

ஆனால் மலேரியாவைப் பற்றிக் கேட்டதும் நேரம் போனதே தெரியவில்லை. கட்டில் காணாமல் நிலத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தது, நடுங்குகிறவர்களுக்குப் போர்வை போதாமல் சாக்குப் போர்த்தியது. நான் இதுவரை ஒரு மலேரியா நோயாளியைக்கூடப் பார்த்ததில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது என்று எழுதி மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை சாக்குகள்.

அவர் கட்டியிருப்பது சாவி கொடுக்கும் மணிக்கூடு. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் பற்றரி வராது. சேலைன் சொட்டு எண்ணச் செக்கன் முள் ஓட வேண்டும். ஒரு லீற்றர் சேலைன் எட்டு மணித்தியாலத்தில் ஏற வேண்டும், மில்லிலீற்றருக்கு 20 சொட்டு விடும் செற் என்றால் நிமிடத்துக்கு எத்தனை? நான் கொப்பியைத் திறப்பதற்குள் "நாப்பத்திரண்டு" என்றார்.

பெப்ரவரி 10, சனி

ஏழாவது கேள்வி: மறக்க முடியாத அனுபவம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மாத்தளன்ல பள்ளிக்கூடம்தான் ஆஸ்பத்திரி. சேலைன் போத்தலை மரக்கொப்பில கட்டினனாங்கள்." அதற்கு மேல் சொல்லவில்லை. கைப்பேசியில் ஓடிய ஒலிப்பதிவை நானாகவே நிறுத்தினேன்.

2009இல், போரின் கடைசி மாதங்களில், எனக்கு ஆறு வயது. அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அதே மணலில் நடந்திருக்கிறேன். அதைச் சொன்னதும் தன் தேத்தண்ணியில் பாதியை என் கோப்பையில் ஊற்றினார்.

பெப்ரவரி 14, புதன், நைட் டியூட்டி

அறுவடைக் காலம். இரவு எட்டு மணிக்கு, வரம்பில் நடந்து வந்த ஒருவரைப் புடையன் கடித்துக் கொண்டுவந்தார்கள். புத்தகத்தில் அதன் பெயர் கண்ணாடி விரியன். கூட வந்த மனைவியின் காலில் இன்னும் வயல் சேறு.

இரத்தம் உறைகிறதா என்று பார்க்க, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து நிற்க வைத்தோம். 20 நிமிடம் தொடக்கூடாது. எனக்குக் கை துறுதுறுத்தது. "ஆட்டிப் பார்க்காதை பிள்ளை. நீ ஆளைப் பார்" என்றார் சிஸ்டர். இரத்தம் கசிகிறதா என்று பல் முரசைப் பார்த்தேன், ஊசி குத்திய இடத்தைப் பார்த்தேன். நேரமானதும் குழாயைச் சாய்த்தால் இரத்தம் உறையாமல் தண்ணீராய் ஓடியது.

டொக்டர் விஷமுறிவு மருந்து எழுதினார். அது தூளாக வரும். கரைக்கும்போது குலுக்கினால் நுரைத்துவிடும். சிஸ்டர் குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, குழந்தையின் கையைச் சூடாக்குவதுபோல மெதுவாக உருட்டினார். நானும் உருட்டினேன். ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் கட்டிலருகே தயாராக இருந்தது. ஒன்பதரைக்கு ஏற்றத் தொடங்கினோம். அரை மணித்தியாலம் சிஸ்டர் அந்தக் கட்டிலை விட்டு அசையவில்லை. நடுவில் ஒருமுறை அந்த அக்காவிடம், "போய்க் காலைக் கழுவிப்போட்டு வாங்கோ, நான் இஞ்சதான் நிக்கிறன்" என்றார்.

அதிகாலை மூன்றரைக்கு மறுபடி இரத்தம் எடுத்தோம். இந்த முறை குழாயைச் சாய்க்க என்னிடம் தந்தார். சாய்த்தேன். ஓடவில்லை.

கட்டுரை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். ஏழாவது கேள்விக்கு அவர் சொன்ன இரண்டு வசனங்களை மட்டும் எழுதப்போகிறேன்.